நீல இழைக் கயிறும் நான் சேர்த்துச் சொன்ன ஒரு வரியும்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம் மூன்றையும் தனித்தாளில் எழுதி உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் மகளின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதால் அவை இந்தப் பதிவில் வேண்டாம் என்று நீதித்துறை நடுவர் அவர்கள் அனுமதித்தார்கள். வயது ஐம்பத்தொன்பது. படிப்பு பத்தாவது, அதிலும் கணக்குப் பாடத்தை இரண்டாம் தடவை எழுதித் தேறியவன். தொழில் கயிறு, தார்ப்பாய், வலை விற்பனை. குடும்பத்தில் நான், என் மனைவி, ஒரே மகள், மாப்பிள்ளை. மாப்பிள்ளை இன்றோடு நாற்பத்து மூன்று நாட்களாகச் சிறையில் இருக்கிறார். அவரை உள்ளே வைத்தது நான் கொடுத்த புகார். அந்தப் புகாரில் நான் சொன்னவற்றைத் திருத்திச் சொல்வதற்காக இன்று ஆஜராகியிருக்கிறேன்.

என் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு சாவிக் கடைக்கும் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறைக்கும் நடுவில் உள்ளது. முப்பத்தோரு வருடமாக நடத்தி வருகிறேன். லாரிக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், உயரமான சுவர்களில் தொங்கிக்கொண்டு வண்ணம் அடிப்பவர்கள் என் வாடிக்கையாளர்கள். என் கயிற்றில் தொங்கியவர் ஒருவரும் விழுந்ததில்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் மனைவியின் காது புளித்துப் போய்விட்டது. கடையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் இத்தனை மீட்டர் என்று ஆரம்பித்தாலும் நான் முதலில், "எதைக் கட்டணும்?" என்று கேட்பேன். பதில் வராமல் சுருளில் கை வைக்க மாட்டேன். மாட்டைக் கட்டுகிற கயிறு மரத்தை இழுக்க ஆகாது, மரத்தை இழுக்கிற கயிறு மாட்டின் கழுத்தை அறுத்துவிடும். இந்த முப்பத்தோரு வருடத்தில் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் கயிறு கொடுத்தது ஒரே ஒருவருக்கு. அவர் என் மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்கு வயது முப்பத்து நான்கு. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. அதிகம் பேச மாட்டார். கல்யாணமான புதிதில் நான் அவருக்கு "தபால்பெட்டி" என்று பட்டப்பெயர் வைத்தேன். எதைப் போட்டாலும் உள்ளே வாங்கிக்கொள்வார், சத்தம் வராது. வீட்டில் நான் பேச அவர் கேட்பார். எனக்கு இதைவிட நல்ல மாப்பிள்ளை கிடைக்க மாட்டார் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

சம்பவத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, காலை பதினொரு மணி சுமாருக்கு அவர் என் கடைக்கு வந்தார். அதற்கு முன் அவர் கடைக்கு எதையும் வாங்க வந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாவிக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "பாருங்க, மாப்பிள்ளை வந்திருக்கார்" என்று காட்டினேன். அதன் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சைக் கூடியவரை அப்படியே சொல்கிறேன்.

"மாமா, கொஞ்சம் கயிறு வேணும்."

"எதைக் கட்டணும் மாப்பிள்ளை?"

"வீட்டுக்குத்தான் மாமா," என்றவர் சுருள்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டைவிரல் கனத்தில் வெள்ளைப் பருத்திக் கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியை எடுத்துத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்து மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார். பீரோவைக் கட்டப் போகிறவன் கயிற்றை மணிக்கட்டில் தேய்த்துப் பார்க்க மாட்டான். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

"என்ன மாப்பிள்ளை, தொட்டில் கட்டவா? நல்ல சேதின்னா மாமனார்கிட்ட மறைக்கலாமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல மாமா. மெத்துனு இருக்கணும். தோலை அறுக்கக் கூடாது. அவசரம்னா சட்டுனு அவிழணும்."

தோல் என்ற சொல்லை அவர் சொன்னார். அதுவும் என் காதில் விழுந்தது. ஆனால் அவர்கள் அடுத்த மாதம் வீடு மாறப் போவதாக மகள் சொல்லியிருந்ததால், சோபாவின் தோலுறையைத்தான் சொல்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்வதில் நான் எப்போதும் வேகம்.

"மெத்துனு இருக்க இது என்ன தலகாணியா? இந்தப் பருத்தி துணி காயப்போடத்தான் லாயக்கு. இழுத்தா நீளும், நாலு நாள்ல தளரும். அப்புறம் உங்க மாமியார் என்னை விட மாட்டா. சட்டுனு அவிழ்ந்தா அதுக்குப் பேரு முடிச்சா?"

அதன் பிறகு அவர் கையிலிருந்த பருத்திக் கயிற்றை நானே வாங்கித் திரும்ப மாட்டிவிட்டு, நீல இழை ஓடும் மெல்லிய நைலான் கயிற்றில் எட்டு மீட்டர் வெட்டி, நுனி பிரியாமல் இருக்க லைட்டரால் சுட்டு, விரலால் உருட்டிக் கொடுத்தேன். பென்சில் கனம்கூட இருக்காது, இரண்டு ஆளைத் தாங்கும். அதன் பிறகு கடைத் தூணில் அதைச் சுற்றிச் சுமை கட்டுகிற முடிச்சு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அவரை மூன்று தடவை போடச் சொல்லித் திருத்தினேன். "இழுங்க" என்றேன். இழுத்தார். "இழுக்க இழுக்க இறுகும், செத்தாலும் விடாது" என்றேன். இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன் என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். "அவிழ்க்கணும்னா மாமா?" என்று இன்னொரு தடவை கேட்டார். "கத்தி எதுக்கு இருக்கு?" என்றேன். சாவிக் கடைக்காரரும் சிரித்தார். மாப்பிள்ளை பருத்திக் கயிற்றை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு மறுத்துப் பேசத் தெரியாது. எனக்கு அடுத்தவரைப் பேச விடத் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். நானும் என் மனைவியும் ஆட்டோவில் போனோம். அவசரப் பிரிவில் மகள் படுத்திருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கைக்கு மேலே வரிவரியாகச் சிவந்த பள்ளங்கள் இருந்தன. இடது கையில் கத்தி பட்ட காயம், மூன்று தையல். வலது கையை அவள் தூக்கிக் காட்டினாள். கை உயர்ந்தது, மணிக்கட்டு உயரவில்லை. பிழியாமல் கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கியது. என் மகள் ஒரு கேக் கடையில் கேக்கின் மேல் கிரீமால் பூவும் பெயரும் போடுகிறவள். அந்தக் கையால்தான் போடுவாள்.

அதன் பிறகு நர்ஸ் கொண்டுவந்த தட்டில் வெட்டுப்பட்ட கயிற்றுத் துண்டுகள் இருந்தன. நீல இழை தெரிந்தது. ஒரு நுனி சுட்டு உருட்டியிருந்தது. என் கையெழுத்தை மறந்தாலும் நான் உருட்டிய நுனியை எனக்குத் தெரியும். டாக்டர் அதை உறையில் போட்டு ஒட்டி, போலீசுக்குச் சொல்ல வேண்டியது தன் கடமை என்றார். நான் தலையாட்டினேன். கயிறு என் கடையது என்று சொல்லவில்லை.

மகள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அவர் மேல தப்பில்ல. நான்தான் கட்டச் சொன்னேன்."

"இப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டினானா?"

"எனக்கு முப்பத்தோரு வயசுப்பா."

"வயசா இப்ப முக்கியம்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அவருடைய கட்டைவிரலும் வெட்டுப்பட்டுக் கைக்குட்டையால் சுற்றியிருந்தது. அவரைக் கன்னத்தில் அறைந்தேன். எழுந்து நின்றார். "மாமா, அவ கை சரியாயிடும்ல?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்னொன்று அறைந்தேன். அங்கிருந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்ற வயிறு பற்றி எரியும் என்று எனக்காக யாரோ சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அதன் பிறகு அன்று மாலை ஆறு மணிக்குக் காவல் நிலையம் சென்று புகார் கொடுத்தேன். ஆய்வாளர் மரியாதையாக நடத்தினார், டீ வாங்கிக் கொடுத்தார். நடந்ததைக் கேட்டு எழுதிய பின், "இதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காளா?" என்று கேட்டார். சொல்லியதில்லை. ஆனால் அவருடைய பேனா தாளின் மேல் காத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியாத தகப்பன் என்று எழுதிக்கொள்வாரே என்று எனக்குப் பட்டது. அப்போது நான் சொன்னது: "'அப்பா, அவர் என்னைக் கட்டிப்போட்டு அடிக்கிறார், காப்பாத்துங்க'ன்னு போன மாசம் அழுதா சார்." இந்த வரியை என் மகள் போன மாதமோ அதற்கு முன்போ என்னிடமோ வேறு யாரிடமோ சொல்லவில்லை. இது முழுக்க என் சொந்தத் தயாரிப்பு. ஆய்வாளர் அதை எழுதி அடிக்கோடிட்டார்.

அடுத்ததாக, கயிறு எங்கே வாங்கப்பட்டது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் என் கடைப் பெயர் அச்சடித்த பேனா செருகியிருந்தது. கையெழுத்துப் போட அதையே எடுத்துக் கொடுத்தேன்.

அன்று இரவே மாப்பிள்ளை கைது செய்யப்பட்டார். மகள் கட்டுப்போட்ட கையோடு இரண்டு தடவை நிலையத்துக்குப் போய், தன் விருப்பத்தோடுதான் நடந்தது, அடியும் இல்லை மிரட்டலும் இல்லை என்று வாக்குமூலம் கொடுத்தாள். இரண்டாம் தடவை நானும் வெளியே நின்றிருந்தேன். அங்கிருந்த பெண் காவலர், "அடி வாங்குற பொண்ணுங்க எல்லாரும் முதல்ல இதைத்தாம்மா சொல்லுவாங்க" என்றார். பல வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் எனக்கு அது வசதியாகவும் இருந்தது. மகள் வெளியே வந்து என்னைத் தாண்டிப் போனாள். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தன் வீட்டிலேயே தனியாக இருந்துகொண்டாள்.

கைது நடந்த இருபத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு அவள் கடைக்கு வந்தாள். வலது கையில் மணிக்கட்டைத் தூக்கி நிறுத்துகிற பட்டை மாட்டியிருந்தாள். வாடிக்கையாளர்கள் நிற்கிற பக்கமே நின்றாள்.

"உள்ள வாம்மா," என்றேன்.

"நான் கயிறு வாங்க வந்திருக்கேன்."

நான் சுருள்கள் பக்கம் பார்த்தேன்.

"கேளுங்க. எல்லார்கிட்டயும் கேப்பீங்கள்ல?"

"எதைக் கட்டணும்?"

"மனுஷங்களை."

அதன் பிறகு அவள் அரை மணி நேரம் பேசினாள். தகப்பன் காதால் கேட்கிற விஷயமில்லை என்று முதல் ஐந்து நிமிடம் எதிரே தொங்கிய தார்ப்பாயின் ஓரத்து வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு எண்ணுவதை விட்டேன். ஏனென்றால் அவள் பேசியது பெரும்பாலும் கயிற்றைப் பற்றி. கயிற்றைப் பற்றி என் மகளுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது.

அவள் சொன்னதன் சுருக்கம் பின்வருமாறு. இது அவர்கள் இருவருக்குள்ளும் நான்கு வருடமாக இருப்பது. முதலில் கேட்டது அவள். மாப்பிள்ளை பயந்து, மூன்று மாதம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதித்திருக்கிறார். இதுவரை அவர்கள் வைத்திருந்தவை அவளே தைத்த பருத்திப் பட்டைகள், மூன்று விரல் அகலம், உட்புறம் மெல்லிய துணி கொடுத்தவை. அகலமாக இருந்தால் அழுத்தம் ஒரே கோட்டில் விழாமல் பரவும். மெல்லியதும் வழுவழுப்பானதும் ஆகாது, அது சதைக்குள் இறங்கும், முடிச்சு கல்லாகும். கட்டிய பின் இரண்டு விரல் உள்ளே தாராளமாகப் போக வேண்டும். கழுத்துப் பக்கம் எதுவும் போகக் கூடாது. அக்குளிலும், முழங்கை மடிப்பிலும், மேல்கையிலும் நரம்பு எலும்பை ஒட்டி ஓடுவதால் அங்கே இறுக்கக் கூடாது. கட்டியவர் அறையை விட்டுப் போகக் கூடாது. சில நிமிடத்துக்கு ஒரு முறை விரல் நுனிகளைத் தொட்டுச் சூடு இருக்கிறதா, மரத்துப் போயிருக்கிறதா என்று கேட்க வேண்டும். முனை மழுங்கிய ஆஸ்பத்திரிக் கத்திரிக்கோல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். "போதும்" என்ற ஒரு சொல் வந்தால் அந்த நொடியே எல்லாம் நிற்க வேண்டும்.

லாரிக்காரர்களுக்கு நான் கொடுக்கிற பாடம் இதில் பாதிகூடத் தேறாது.

"அந்தப் பட்டை தையல் விட்டுப் போச்சு," என்றாள். "பிஞ்சதை வெச்சுக்கக் கூடாதுன்னு அவரே தூக்கிப் போட்டார். 'புதுசுக்கு உங்கப்பாகிட்ட கேக்கலாம், அவருக்குத் தெரியாத கயிறா'ன்னார். நான் வேணாம்னேன். 'காரணமெல்லாம் சொல்ல மாட்டேன், எது மெத்துனு இருக்கும்னு மட்டும் கேக்கறேன்'னு வந்தார்."

"மாப்பிள்ளை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

நான் அன்றைக்கே அறைந்திருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்.

"எங்க தப்பும் இருக்கு," என்றாள். "எது புதுசா வாங்கினாலும் முதல்ல அவர் தன் கால்ல கட்டிப் பார்ப்பார். கால் மணி நேரம் வெச்சிருந்து அவிழ்ப்பார். மெல்லிசுன்னா வெச்சுக்கவே மாட்டோம். அன்னிக்குப் பார்க்கல. நான்தான் வேணாம்னேன். அப்பா கொடுத்ததுன்னேன். சுத்துறதும் நீங்க தூணில் காட்டின மாதிரியே, மேல்கையோட சேர்த்து. நான் கொஞ்சம் அசைஞ்சேன், இறுகிடுச்சு. 'போதும்'னேன். அவர் உடனே நிறுத்திட்டார். முடிச்சு நிறுத்தல."

கயிறு சதைக்குள் புதைந்துபோனதால் மழுங்கின கத்திரிக்கோல் உள்ளே நுழையவில்லை என்றும், அவர் சமையலறைக் கத்தியை எடுத்துவந்து, தன் கட்டைவிரலைக் கயிற்றுக்கும் அவள் தோலுக்கும் நடுவில் திணித்துக்கொண்டு அறுத்தார் என்றும், இருபது நிமிடம் பிடித்தது என்றும் சொன்னாள். அவருடைய கட்டைவிரல் காயம் அப்படி வந்தது. நான் அதைக் கொடுமைக்காரனின் கைக்காயம் என்று நிலையத்தில் விவரித்திருந்தேன்.

கடைசியில், "நான் உங்ககிட்ட அழுதேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே, அது எந்த நாள்? எந்த ரூம்ல?" என்று கேட்டாள்.

நான் கல்லாவைத் திறந்து மூடினேன். அவள் அந்த வெள்ளைப் பருத்திக் கயிற்றைக் காட்டி, "இதுதான் அவர் முதல்ல எடுத்தது, இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். "தொட்டுப் பார்க்கத்தான் கேட்டேன்" என்று இடது கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, வாங்காமல் போய்விட்டாள்.

அதன் பிறகு அன்று மத்தியானம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, அதே நீல இழைக் கயிற்றை என் இடது மேல்கையில் சுற்றி, பல்லால் கடித்து, அதே முடிச்சைப் போட்டு இழுத்தேன். என் சொந்த முடிச்சு, எனக்கு அடங்காதா என்று ஒரு நினைப்பு. ஐந்தாவது நிமிடம் விரல்களில் எறும்பு ஓடியது. எட்டாவது நிமிடம் விரல்கள் என்னுடையவை இல்லை. அவிழ்க்கப் பார்த்தேன், அவிழவில்லை. கத்தி மேல் தட்டில் இருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் என் கடையில் என் கயிற்றிடம் மாட்டிக்கொண்டு சாவிக் கடைக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, அண்ணிதான் கட்டிப்போட்டாங்களா?" என்றார். வழக்கம்போல நானும் சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் ஒன்றும் கேட்காமல் அறுத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். என் கையில் ஒரு மணி நேரத்தில் உணர்வு வந்துவிட்டது. மகளின் கை விஷயத்தில் டாக்டர், ஆறு மாதம் ஆகலாம், முழுதாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றிருக்கிறார். கேக் கடையில் அவளை இப்போது பெட்டி மடிக்க உட்கார வைத்திருக்கிறார்கள்.

இருபத்தோராம் நாளே உண்மை தெரிந்தும் நாற்பத்து மூன்றாம் நாள் வந்து சொல்வது ஏன் என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். பயம்தான். பொய்ப் புகார் கொடுத்தால் என்ன தண்டனை என்று ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதில் தூக்கம் போனது. வெட்கமும் உண்டு. என் மனைவியிடம் சொன்னபோது அவள், "இப்ப ஊரு நம்மளைப் பாவம்னு பார்க்குது. நீங்க போய் இதைச் சொன்னா எப்படிப் பார்க்கும்?" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்குள் ஓடியதைத்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள். அந்த இருபத்திரண்டு நாட்களும் நான் மூன்று வேளை சாப்பிட்டேன், கடை திறந்தேன், பாவம் என்று பார்த்தவர்களிடம் பாவமாக நின்றேன். அந்த நாட்களை மாப்பிள்ளை உள்ளே இருந்து கழித்தார். மூன்றாவது வாரத்தில் பல் செட் கூடத்தில் அவர் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

நேற்று முன்தினம் மாப்பிள்ளையின் வக்கீல் கடைக்கு வந்தார். இளம் வயது, வெயிலில் நடந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கயிறு எங்க வாங்கினீங்கன்னு நாலு தடவை கேட்டுட்டேன் சார். வாயே திறக்க மாட்டேங்கறார். 'எங்க மாமா கடைப் பேரு கேஸ்ல வர வேண்டாம், முப்பது வருஷமா நடத்தறார்'னு நேத்துதான் தன்னை மறந்து உளறினார். உங்க கடைதானா சார்?"

"எங்க கடைதான்," என்றேன்.

அதன் பிறகு அவரோடு நடந்தே அவர் அலுவலகத்துக்குப் போய், இப்போது இங்கே சொன்னதை அங்கே சொன்னேன். அவர் இரண்டு தடவை எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். என் மகளையும் போனில் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், கயிற்றையும், உங்கள் இருவருக்குள் இருப்பதையும் கோர்ட்டில் சொல்ல வேண்டிவரும், சம்மதமா என்று கேட்டேன். அவளிடம் சம்மதம் கேட்டு நான் செய்த முதல் காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்குக்கூடத் தேதி குறித்துவிட்டுத்தான் சொன்னேன். "சொல்லுங்க" என்றாள். கூட வருகிறாயா என்று கேட்டதற்கு, "வந்தா நான் சொல்லிக் கொடுத்துதான் நீங்க சொல்றீங்கம்பாங்க" என்று வைத்துவிட்டாள். அப்பா என்று அவள் கூப்பிடவில்லை. அதைக் கேட்கிற இடத்தில் நானும் இல்லை.

ஆகவே நான் இப்போது தெரிவிப்பது: மாப்பிள்ளை என் மகளை அடித்ததாகவோ மிரட்டியதாகவோ எனக்கு எக்காலத்திலும் தெரியாது. அவள் அழுது சொன்னதாகப் புகாரில் உள்ள வரி பொய், அதைச் சொன்னவன் நான். கயிறு என் கடையது. வேண்டாம் என்று அவர் ஒதுக்கப் பார்த்த கயிற்றை அவர் கையில் திணித்ததும், விடாத முடிச்சைக் கற்றுக்கொடுத்ததும் நான். இதற்காக என் மேல் எடுக்கப்படும் நடவடிக்கைக்கு உட்படுகிறேன்.

இந்த வாக்குமூலத்தை எழுதத் தொடங்குமுன் நடுவர் அவர்கள் என்னைத் தனியாக ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்து யோசித்துவிட்டு வரச் சொன்னார்கள். திரும்பி வந்ததும், யாராவது உங்களை வற்புறுத்தினார்களா, பயமுறுத்தினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்டார்கள். இல்லை, என் சொந்த விருப்பத்தின் பேரில்தான் என்றேன். சரி என்று தலையசைத்தார்கள். எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஒரே தடவை சொன்னேன், யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இதே வார்த்தையை என் மகள் ஆஸ்பத்திரியில் ஒரு தடவையும், நிலையத்தில் இரண்டு தடவையும், என் கடையில் ஒரு தடவையும் சொன்னாள். அவள் பொய் சொன்னதில்லை. பொய் சொன்னவன் நான், என் பேச்சு இரண்டு தடவையும் எடுபட்டது. இதையும் எழுதிக்கொள்ளும்படி எழுத்தரைக் கேட்டேன். வழக்குக்கு இது தேவையில்லையே என்றார். எழுதுங்கள் ஐயா என்றேன், எழுதினார்.

மேற்கண்ட யாவும் எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே உள்ளன. இந்த முறை நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை.

ஒப்பம்,
புகார்தாரர், பாதிக்கப்பட்டவரின் தகப்பன்.